பொத்தான்கள் இடம் பிடித்த கதை

வங்கிக் கிளையின் கவுண்டரில் எண்பலகைகள் இரண்டு எதிரெதிராக இருப்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். உட்புறம் அமர்ந்திருக்கும் காசாளரின் கணினி விசைப்பலகையிலும் அவர் அருகில் உள்ள கால்குலேட்டரிலும் மேல் வரிசையில் 7, 8, 9 என்ற எண்கள் உள்ளன. வெளிப்புறம் நிற்கும் வாடிக்கையாளர் தம் ரகசிய எண்ணை அழுத்தும் சிறு கருவியிலோ மேல் வரிசையில் 1, 2, 3 உள்ளன. கணக்கு ஒன்று, தொகை ஒன்று. எண்களின் வரிசை மட்டும் தலைகீழ்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பரம்பரை. காசாளரின் எண்பலகை, 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் சண்ட்ஸ்ட்ராண்ட் வடிவமைத்த பத்து விசைக் கூட்டல் பொறியின் வழி வந்தது. வாடிக்கையாளரின் எண்பலகை தொலைபேசியின் வழி வந்தது. தொலைபேசியில் எண்கள் அந்த இடங்களைப் பிடித்தது தற்செயலாக நேர்ந்ததன்று. கருவியைச் சந்தைக்கு அனுப்பும் முன் பல முன்மாதிரிகளைச் செய்து, அவற்றைச் சாதாரண மக்களின் கைகளில் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்து எடுத்த முடிவு அது. வங்கிச் சேவையின் கருவிகள் மீண்டும் வேகமாக மாறிவரும் இந்நாளில், பழைய தொலைபேசிகளின் பின்னணியில் இருக்கும் அந்த முன்மாதிரிகளின் கதையை அறிந்துகொள்வது பயனுடையது.

சொல் கேட்காத முதல் மாதிரி

1875ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், பாஸ்டன் நகரில், அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்காக அவருடைய உதவியாளர் தாமஸ் வாட்சன் ஒரு கருவியைச் செய்து கொடுத்தார். அதன் மரச்சட்டம் பார்வைக்குத் தூக்குமேடையைப் போல் இருந்ததால் 'தூக்குமேடைத் தொலைபேசி' என்றே அது பெயர் பெற்றது. குரலின் ஒலி அதில் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் 7ஆம் நாள் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, அமிலம் கலந்த நீரில் ஊசி ஒன்று அசையும்படி அமைத்த வேறொரு மாதிரியில்தான், அடுத்த அறையில் இருந்த வாட்சனை பெல் அழைத்த சொற்கள் தெளிவாகக் கேட்டன.

அந்தத் திரவ மாதிரியும் விற்பனைக்கு வரவில்லை. 1877இல் வந்த பெட்டித் தொலைபேசியில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே துளைதான் இருந்தது. பேசியவர் உடனே காதை அங்கே வைக்க வேண்டும். கேட்டவர் உடனே வாயை அங்கே கொண்டுவர வேண்டும். விஞ்ஞானம் வென்றுவிட்டது, ஆனால் மனிதனின் வாய்க்கும் காதுக்கும் இடையே உள்ள தூரத்தை எவரும் இன்னும் அளக்கவில்லை. அடுத்த எண்பது ஆண்டுகளில் தொலைபேசியின் வடிவமைப்பு பெரும்பாலும் இத்தகைய அளவைகளின் வரலாறாகவே அமைந்தது.

ஓவியர் செய்த உருவம்

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. சென்னையில் அது எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கியது. எனினும் 'பழைய தொலைபேசி' என்றதும் நம் நினைவுக்கு வரும் கறுப்பு நிறக் கருவி அதற்கு அரை நூற்றாண்டு பிந்தியது. அகன்ற அடிப்பகுதி, சரிந்து ஏறும் பக்கங்கள், மேலே தொட்டில் போன்ற பள்ளத்தில் குறுக்கே கிடக்கும் கனமான ரிசீவர் ஆகியவை கொண்ட அந்த உருவத்துக்கு மூலம் நார்வே நாட்டில் இருக்கிறது.

1930ஆம் ஆண்டளவில் ஆஸ்லோ நகரின் எலெக்ட்ரிஸ்க் பியூரோ நிறுவனம், பேக்கலைட் என்னும் புதிய பொருளில் தொலைபேசி செய்ய முனைந்தது. உள்ளுறுப்புகளைப் பொறியாளர் யோஹான் கிறிஸ்டியான் பியர்க்னஸ் கவனித்துக்கொண்டார். வெளியுருவத்தை யான் ஹைபெர்க் என்ற ஓவியரிடம் ஒப்படைத்தனர். அவர் பிளாஸ்டரில் உருவம் செய்து, அதைச் செதுக்கித் திருத்தி வடிவத்தைக் கண்டடைந்தார். பேக்கலைட்டை அச்சில் வார்க்க வேண்டும். வார்த்ததை அச்சிலிருந்து முறியாமல் எடுக்க வேண்டும். பக்கங்கள் மேல்நோக்கிச் சரிந்திருந்தால் அது எளிது. இப்படி ஓவியரின் கண்ணும் வார்ப்படத்தின் தேவையும் ஒரு வடிவத்தில் சந்தித்தன. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையும் 1930களின் பிற்பகுதியில் அதே மரபில் தன் 300 வகைத் தொலைபேசியைக் கொண்டுவந்தது.

நாடு விடுதலை பெற்றதற்கு அடுத்த ஆண்டு, 1948இல், பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிலகம் தொடங்கப்பட்டது. லிவர்பூல் நகரின் ஆட்டோமேட்டிக் டெலிபோன் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் தொடங்கியதால், அங்கு உருவான கருவிகளும் பிரிட்டனில் புழங்கிய கறுப்பு வடிவத்தையே பெரிதும் ஒத்திருந்தன. ஆஸ்லோவில் பிளாஸ்டரில் பிறந்த உருவம் லிவர்பூல் வழியாகப் பெங்களூருக்கு வந்து, அங்கிருந்து நம் அலுவலக மேசைகளையும் வீட்டு முக்காலிகளையும் அடைந்தது.

பி.பி. எண்ணும் டயல் பூட்டும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பின்னர் மத்திய ரயில்வே பாதையை ஒட்டி முலுண்ட், தாணே, டோம்பிவிலி எனப் பரவிய காலத்தில், தொலைபேசி ஓர் அரிய பொருள். விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். ஒரு கட்டடத்தில் ஒருவர் வீட்டில் இணைப்பு இருந்தால், அந்த எண்ணே மற்றவர்களுக்கும் 'பி.பி. எண்' ஆகும். ஊரிலிருந்து டிரங்க் கால் வந்தால் மாடிப்படி ஏறிவந்து அழைப்பார்கள். பாலக்காட்டிலோ திருநெல்வேலியிலோ நிகழ்ந்த பிறப்பும் இறப்பும் அடுத்த வீட்டாரின் கூடத்தில் நின்றபடிதான் பலருக்குத் தெரியவந்தன.

அந்தக் கருவியின் டயலில் ஒரு நுட்பம் உண்டு. விரலால் சுழற்றிவிட்டுக் கையை எடுத்ததும் வட்டு தானே திரும்பும். திரும்பும்போது மின்னோட்டத்தை எண்ணுக்கேற்பத் துண்டிக்கும். 1 என்றால் ஒரு துண்டிப்பு, 9 என்றால் ஒன்பது, 0 என்றால் பத்து. நொடிக்கு ஏறத்தாழப் பத்துத் துண்டிப்புகள் என்பது கணக்கு. எனவே எண்ணில் பூஜ்யங்கள் மிகுந்தால் அழைப்பவரின் காத்திருப்பும் மிகும்.

நேரடியாக வெளியூர் அழைக்கும் வசதி வந்தபின், கட்டணத்துக்கு அஞ்சிய பலர் டயலின் துளையில் சிறு பூட்டு ஒன்றை மாட்டினர். ரிசீவர் அமரும் கட்டையை எண்ணுக்கேற்ற முறை விரைந்து தட்டினால் பூட்டிய தொலைபேசியிலும் அழைக்கலாம் என்பதை வீட்டுப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொண்டனர். தட்டுவதும் துண்டிப்புதானே! கருவியை வடிவமைத்தவர் எண்ணிப் பாராத பயன்பாட்டை அதைப் பயன்படுத்துவோர் எப்போதும் கண்டுபிடிப்பர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதனால்தான் முன்மாதிரியைப் பயனாளரின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெண்புள்ளிகளும் செம்புக் கம்பியும்

இந்த உண்மையை முறையான ஆய்வாக்கியவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார். 1930ஆம் ஆண்டளவில் அவர்கள், வருங்காலத் தொலைபேசியின் உருவத்தை வரைந்து தருமாறு ஓவியர்கள் சிலரை அணுகினர். அவர்களுள் ஹென்றி டிரைஃபஸ் என்ற இளைஞர் அப்பணியை ஏற்க மறுத்தார். கருவி உள்ளிருந்து வெளிநோக்கி உருவாக வேண்டும், பொறியாளர்களுடன் உடனிருந்து செய்தால் மட்டுமே தம்மால் இயலும் என்பது அவர் கருத்து. சில காலத்துக்குப் பின் நிறுவனம் அவரையே நாடியது. 1937இல் வெளிவந்த 302 வகையும், 1949இல் வந்து பல பத்தாண்டுகள் அமெரிக்க வீடுகளை ஆண்ட 500 வகையும் அவ்வாறு உருவானவை. 500 வகையின் ரிசீவருக்காக ஆயிரக்கணக்கான முகங்களில் வாய்க்கும் காதுக்கும் இடைப்பட்ட தூரம் அளக்கப்பட்டது.

அதே ஆய்வகத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளர் பணியாற்றினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவர், கருவிகளை மனித இயல்புக்கு ஏற்ப அமைக்கும் ஆய்வுப் பிரிவை அங்கு வளர்த்தவர். 500 வகையின் டயலில் எண்கள் விரல் துளைகளுக்குள் இல்லாமல் வெளி வட்டத்தில் அச்சிடப்பட்டன. எண்கள் பெரிதாகத் தெரிந்தன, விரலும் மறைக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்த்தபோது மக்கள் முன்னைவிட மெதுவாகவே டயல் செய்தனர். துளைக்குள் எண் இல்லாததால், விரல் எங்கே செல்ல வேண்டும் என்பதற்குக் கண்ணுக்கு ஓர் இலக்கு இல்லாமற் போயிற்று. ஒவ்வொரு துளையின் நடுவிலும் ஒரு வெண்புள்ளி வைக்கப்பட்டது. வேகம் திரும்பிவிட்டது. பழம்பொருள் கடைகளில் இன்றும் காணக்கூடிய அந்தப் புள்ளிகள் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. ஒரு தடுமாற்றத்துக்குத் தேடிய மருந்து.

கார்லின் குழுவினர் செய்த மற்றொரு சோதனை வங்கியாளர்களுக்குச் சுவையானது. போருக்குப் பின் செம்பு கிடைப்பது அரிதாக இருந்தது. ரிசீவரின் கம்பி அப்போது ஏறத்தாழ மூன்று அடி நீளம். அதைக் குறைக்கலாமா என்று நிர்வாகம் கேட்டது. குழுவினர் சக ஊழியர்களின் அறைகளுக்குள் மூன்று நாட்களுக்கு ஒருமுறை மறைவாகச் சென்று, கம்பியை ஒவ்வோர் அங்குலமாகக் குறைத்துவந்தனர். முழுதாக ஓர் அடி குறையும் வரை எவரும் கவனிக்கவில்லை. இலட்சக்கணக்கான கருவிகளில் ஓர் அடிச் செம்பு மிச்சமாகும் என்றால் அதன் மதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். முன்மாதிரிக்கும் சோதனைக்கும் செலவிடும் பணம் வீண் செலவன்று என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த இருப்புநிலைக் குறிப்பும் சொல்லாது.

சோதனையில் சிக்காத குறைகளும் இருந்தன. 1959இல் அதே நிறுவனம் படுக்கையறைக்கென்று 'பிரின்சஸ்' என்ற சிறிய தொலைபேசியைக் கொண்டுவந்தது. அழகிய கருவிதான், ஆனால் எடை குறைவு. டயலைச் சுழற்றினால் கருவியே மேசைமேல் நகரும் நிலை. உள்ளே ஈயத் துண்டு ஒன்றை வைத்து அதற்கு எடை கூட்ட வேண்டியதாயிற்று.

பத்துப் பொத்தான்களின் தேர்வு

டயலுக்குப் பதிலாகப் பொத்தான்கள் வரப்போகின்றன என்று முடிவானதும், அவற்றை எப்படி அடுக்குவது என்ற கேள்வி எழுந்தது. கூட்டல் பொறியின் வரிசை ஏற்கெனவே அலுவலகங்களில் பழகியிருந்தது. அதையே எடுத்துக்கொண்டிருக்கலாம். பெல் ஆய்வகத்தார் அவ்வாறு செய்யவில்லை. மேரி லட்ஸ், அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1955இல் வெளியிட்ட ஆய்வில், எண்கள் எங்கெங்கே இருக்கும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்தனர். எழுத்தைப் படிப்பது போலவே இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எண்கள் செல்லும் என்பதே பரவலான எதிர்பார்ப்பாக இருந்தது.

பின்னர் டெய்னிங்கர் என்ற ஆய்வாளர் தம் நீண்ட சோதனைகளின் முடிவை 1960ஆம் ஆண்டு பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் வெளியிட்டார். ஐந்தைந்தாக இரு வரிசைகள், பழைய டயலைப் போன்ற வட்டம், கூட்டல் பொறியின் அடுக்கு, இன்றைய மூன்று வரிசை அடுக்கு என்று பற்பல அமைப்புகளை அவர் மக்களிடம் கொடுத்துப் பார்த்தார். எத்தனை நொடி ஆகிறது, எத்தனை பிழை நேர்கிறது, எதை விரும்புகிறார்கள் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டார். பொத்தானின் அளவு, அழுத்தத் தேவையான விசை, எவ்வளவு ஆழம் அமிழ வேண்டும் என்பனவும் சோதிக்கப்பட்டன. நல்ல அமைப்புகள் பலவற்றுக்கிடையே வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மக்களின் விருப்பம், இடச் சிக்கனம், பொறியியல் வசதி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, மேலே 1, 2, 3 என்றும் கீழே தனியாக 0 என்றும் உள்ள அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. கூட்டல் பொறியில் தேர்ந்தவர்கள் மிக வேகமாக அழுத்தி இணைப்பகத்தைத் திணறடிப்பர் என்று அஞ்சியே வரிசை தலைகீழாக்கப்பட்டது என ஒரு கதை உலவுகிறது. ஆய்வின் போக்கு அதற்கு இடம் தரவில்லை.

1963ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் பொத்தான் தொலைபேசி பொதுமக்களுக்கு வந்தது. அப்போது பத்துப் பொத்தான்களே இருந்தன. 1968இல் நட்சத்திரக் குறியும் ஹேஷ் குறியும் சேர்ந்து பன்னிரண்டாயின.

நம் நாட்டில் தொலைபேசிக் கருவி உற்பத்தி 1984இல் தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட பிறகே பொத்தான் தொலைபேசிகள் பரவின. ஆனால் பல இணைப்பகங்கள் பழைய துண்டிப்பு முறையை மட்டுமே அறிந்தவை. எனவே பொத்தானை அழுத்தினாலும் உள்ளே டயல் சுழல்வது போன்ற கடகட ஒலியே கேட்கும். கருவியின் பக்கத்தில் 'பல்ஸ்', 'டோன்' என்று மாற்றும் சிறு விசை இருந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தியச் சூழலுக்கேற்ற முன்மாதிரி முயற்சி ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், ஊரகங்களுக்கென 128 இணைப்புத் திறன் கொண்ட சிறு மின்னணு இணைப்பகத்தை உருவாக்கி, 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவியது. குளிரூட்டும் வசதியின்றி, நம் வெயிலையும் தூசியையும் தாங்கி அது இயங்க வேண்டும் என்பதே நிபந்தனை. நகரத்து ஆய்வகத்தில் மட்டும் சோதித்திருந்தால் அந்த நிபந்தனைக்கு விடை கிடைத்திராது.

கவுண்டருக்கு வந்த வரிசை

1967ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் லண்டனின் என்ஃபீல்ட் பகுதியில் பார்க்லேஸ் வங்கி தன் பணம் வழங்கும் இயந்திரத்தைத் திறந்தது. அதற்குக் காரணமானவர்களுள் ஒருவரான ஜான் ஷெப்பர்ட்-பேரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கங்கள் வைக்க எண்ணியதாகவும், சமையலறை மேசையருகே மனைவியிடம் கேட்டபோது நான்குதான் தம்மால் நினைவில் வைக்க முடியும் என்று அவர் கூறியதால் நான்காக்கியதாகவும் அவர் பின்னாளில் சொன்னார். ஒரே ஒருவரிடம் நடந்த சோதனை. அதன் முடிவு உலகெங்கும் பரவியது.

இந்தியாவின் முதல் ஏ.டி.எம். 1987இல் இதே மும்பையில் எச்எஸ்பிசி வங்கியால் நிறுவப்பட்டது. இன்று பெரும்பாலான ஏ.டி.எம்.களிலும் கடைகளில் உள்ள அட்டைக் கருவிகளிலும் காணப்படுவது தொலைபேசியின் வரிசையே. 5 என்ற விசையின் மேல் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதைத் தொட்டறிந்தால் மற்ற ஒன்பது எண்களின் இடமும் பார்வையின்றியே விளங்கும். 2009ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி, புதிதாக நிறுவும் ஏ.டி.எம்.களில் மூன்றில் ஒரு பங்கையாவது பிரெய்ல் விசைகளும் பேசும் வசதியும் கொண்டவையாக அமைக்குமாறு வங்கிகளை அறிவுறுத்தியது. அந்த ஏற்பாட்டுக்கும் அடிப்படையாக அமைவது, எண்கள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் என்ற உறுதிதான்.

முலுண்டில் பணியாற்றும் எனக்கு, மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியம் பெற வரும் மூத்தோரைக் காணும்போது இந்த உறுதியின் அருமை புலப்படுகிறது. ரகசிய எண்ணை எண்ணாக நினைவில் வைக்காமல், விரல் செல்லும் வழியாகவே வைத்திருப்பதாக அவர்களில் சிலர் கூறுவதுண்டு. மேலே, நடுவில், மீண்டும் மேலே, பிறகு கீழே என்று விரல் தானே போகும். பல ஆண்டுகளாகத் தொலைபேசி பழக்கிய விரல் அது.

இப்போது வரும் கருவிகள் பலவற்றில் பொத்தானே இல்லை. வழவழப்பான கண்ணாடித் திரைதான். அதில் தொட்டறியப் புடைப்பு கிடையாது. சில செயலிகள் பாதுகாப்புக்காக ஒவ்வொரு முறையும் எண்களை இடம் மாற்றிக் காட்டுகின்றன. பின்னால் நின்று பார்ப்பவருக்கு எண் தெரியாமல் இருக்க இது உதவுகிறது என்பது உண்மை. அதே வேளையில், விரலின் நினைவை நம்பும் முதியவருக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் அது தடையாகிறது. பாதுகாப்பு, எளிமை ஆகிய இரண்டில் எது எவ்வளவு வேண்டும் என்பதை வடிவமைப்பாளரின் மேசையில் மட்டும் முடிவுசெய்ய இயலாது. பயன்படுத்தும் கைகளிடம் கேட்க வேண்டும். டயலில் மக்கள் தடுமாறியபோது பெல் ஆய்வகத்தார் அவர்களைக் குறை கூறவில்லை, மாதிரியைத் திருத்தினார்கள். கருவிமுன் ஒருவர் திணறினால் முதலில் ஐயுற வேண்டியது கருவியை என்ற அந்த மனப்பான்மையே முன்மாதிரிகள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து.

வாடிக்கையாளர் கவனத்துக்கு

நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. விரலின் வழியை நம்புவோர், ரகசிய எண்ணை இலக்கங்களாகவும் மனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது. கணினியின் எண்பலகையிலோ இடம் மாறும் திரையிலோ விரல் பழைய வழியே சென்றால் எண் தவறும். மூன்று முறை தவறினால் அட்டை தற்காலிகமாக முடக்கப்படுவது வழக்கம். ஏ.டி.எம்.மில் இடக்கையால் மறைத்தபடி, 5இன் புடைப்பைத் துணையாகக் கொண்டு நிதானமாக அழுத்தலாம். திணறுகிறோம் என்பதற்காக அட்டையையும் எண்ணையும் அருகில் நிற்பவரிடம் ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் சாதாரணப் பொத்தான் கைபேசியிலேயே *99# என்ற எண்ணின் வழியாகவும், 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே வழியாகவும் பணம் அனுப்ப முடியும். 1968இல் சேர்ந்த அந்த இரு குறிகளுக்கும் இப்படி ஒரு பணி காத்திருந்தது என்பதை அன்று எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஒரு கருவியின் எழுத்து சிறிதாக இருந்தாலும், ஒளி கண்ணைக் கூசினாலும், விசை அழுந்தாவிட்டாலும், அதைக் கிளையில் தெரிவியுங்கள். கருத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். "எனக்குத்தான் தெரியவில்லை" என்று எண்ணி ஒதுங்கிவிட வேண்டாம். அடுத்த கருவி வடிவமைக்கப்படும்போது அந்தக் குறிப்பும் கணக்கில் கொள்ளப்பட வேண்டுமானால், முதலில் அது எழுதப்பட வேண்டும்.